வானத்துக்கும் வளவு உண்டு

செட்டிநாட்டு வீட்டுக்கு முதன்முறை வருகிறவரிடம் யாரும் விதிமுறை படித்துக் காட்டுவதில்லை. முகப்புத் திண்ணையில் வழிப்போக்கரும் உட்காரலாம். பட்டாலை என்னும் கூடத்துக்கு வர "வாங்க" என்று ஒரு சொல் வேண்டும். வீட்டின் நடுவே திறந்த முற்றமாக இருக்கும் வளவுக்குள் கால் வைக்க உறவோ அழைப்போ வேண்டும். வளவைச் சுற்றியிருக்கும் அறைகளின் சாவி அந்தந்தப் புள்ளிக்காரர், அதாவது வீட்டில் பங்குள்ள அந்தந்தக் குடும்பத்தார் கையில். வெளியே நின்று பார்த்தால் ஒரே வீடு. உள்ளே போகப் போக அனுமதி மாறிக்கொண்டே இருக்கும்.

வான்வெளியும் அப்படித்தான் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அங்கே நிலைப்படி கிடையாது, தேக்குக் கதவு கிடையாது. திண்ணை எங்கே முடிகிறது, வளவு எங்கே தொடங்குகிறது என்பதை வரைபடமும் உயரமானியும்தான் சொல்லும். அதனால்தான் நல்ல மனிதர்களும் தெரியாமல் உள்ளே போய்விடுகிறார்கள். சொந்த விமானம் ஓட்டுகிறவர், பயிற்சி மாணவர், கல்யாண வீட்டில் ட்ரோன் பறக்கவிடும் கேமராக்காரர் என்று யாராக இருந்தாலும் செய்யும் தவறு மூன்றில் ஒன்றாக இருக்கும்: போகக்கூடாத இடம், போகக்கூடாத உயரம், போகக்கூடாத நேரம்.

செட்டிநாட்டில் இப்போது வானத்தில் அதிகம் பறப்பது ட்ரோன்தான். ஆகவே அதிலிருந்து தொடங்கலாம். 2021 ஆகஸ்ட் 25 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய ட்ரோன் விதிகள் நாட்டின் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கின்றன. பச்சையில் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை தனி அனுமதி இல்லாமல் பறக்கலாம். அதற்கு மேலே மஞ்சள். அங்கே போக விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் எழும்பவே கூடாது. விமான நிலையத்தை நெருங்க நெருங்கக் கூரை தாழ்கிறது. நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தொலைவுக்குள் 200 அடி வரைதான் பச்சை. 8 கிலோமீட்டருக்கு உள்ளே தரையிலிருந்தே அனுமதி தேவை. இன்னும் நெருங்கினால் சிவப்பு.

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு மதுரை, திருச்சி விமான நிலையங்கள் இரண்டுமே வெகு தொலைவு. இந்த நிம்மதியே ஒரு பொறி. ஊரில் பத்துக் கல்யாணம் எடுத்துப் பழகியவர் பதினோராவது கல்யாணத்துக்குத் திருச்சி போகிறார். புதுக்கோட்டை வழியாகப் போனால் சாலை விமான நிலையத்தை ஒட்டியே ஊருக்குள் நுழைகிறது. மண்டபம் எந்த வளையத்துக்குள் இருக்கிறது என்று பார்க்காமல் ஊர்ப் பழக்கத்தில் 100 மீட்டர் ஏற்றிவிடுவார். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் மண்டபத்தின் இடத்தைத் தட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். அதைக் கல்யாணத்தன்று காலையில் பார்ப்பதைவிட முன்பணம் வாங்கும் முன் பார்ப்பது நல்லது. ஒப்புக்கொண்ட ஷாட்டை எடுக்க முடியாது என்று பெண் வீட்டாரிடம் கடைசி நேரத்தில் சொல்ல யாருக்கும் வாய் வராது; அந்தத் தயக்கத்தில்தான் தவறு நடக்கிறது.

400 அடி என்ற எண் எங்கிருந்து வந்தது? ஆள் ஏறிய விமானங்கள், இறங்கும்போதும் எழும்பும்போதும் தவிர, பொதுவாகத் தரையிலிருந்து 500 அடிக்குக் கீழே வரக்கூடாது. ட்ரோனின் கூரைக்கும் விமானத்தின் தரைக்கும் இடையே இருப்பது 100 அடி, ஏறத்தாழ 30 மீட்டர். இரண்டு பக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சம் பிசகினால் அந்த இடைவெளி காணாமல் போய்விடும். உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து தளம், தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் என்று நம்மைச் சுற்றி ராணுவப் பறத்தல் உண்டு. ஹெலிகாப்டர் தாழ வருவதை முன்கூட்டியே யாரும் நமக்குச் சொல்லப்போவதில்லை.

உயரத் தவறு பெரும்பாலும் ஒரு சின்னத் தவறான புரிதலிலிருந்து பிறக்கிறது. ரிமோட் திரையில் தெரியும் உயரம் ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. சட்டம் பேசுவது கீழே இருக்கும் தரையிலிருந்து. 50 மீட்டர் குன்றின் மேல் நின்று கிளப்பி, திரையில் 100 மீட்டர் காட்ட, கீழே வயல்வெளிக்கு மேலாகக் கொண்டுபோனால் உண்மையான உயரம் 150 மீட்டர். திரை சொல்வது பொய்யல்ல. நாம் கேட்ட கேள்விதான் வேறு. நாலு மாடி விடுதியின் மொட்டை மாடியில் நின்று கிளப்பினாலும் இதே கணக்கு. ஆகவே கிளம்பும் இடத்தின் உயரத்தை 120-இலிருந்து கழித்து, அதற்கும் பத்து மீட்டர் கீழே செயலியில் உச்ச வரம்பை வைத்துவிடுவதே வழி.

செட்டிநாட்டு வீடுகள் ட்ரோனுக்கு என்றே சில தொல்லைகளை வைத்திருக்கின்றன. வளவின் நடுவிலிருந்து நேராக மேலே எழும்பும் ஷாட் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் நாலு பக்கமும் கூரை மறைப்பதால் வளவுக்குள்ளிருந்து தெரியும் வானம் சிறிது; ஜிபிஎஸ் கருவிக்குப் போதிய செயற்கைக்கோள்கள் அகப்படாது. அந்த நிலையில் கிளப்பினால் 'வீடு திரும்பும் இடம்' பதிவாகாது, அல்லது தப்பாகப் பதிவாகும். பிறகு சிக்னல் போனால் ட்ரோன் திரும்பி வருவது பக்கத்து வளவுக்கு. மொட்டை மாடியிலோ வேறு தொல்லை: தளத்துக்கு உள்ளே இரும்பு உத்தரங்கள், ஓரத்தில் இரும்புக் கிராதி. இவற்றின் அருகே வைத்துக் காம்பஸைச் சரிசெய்தால் திசை பிசகி, ட்ரோன் ஓரிடத்தில் நிற்காமல் வட்டமடிக்கும். வீட்டுக்கு எதிரே தெருவிலோ பின்கட்டுத் தோட்டத்திலோ திறந்த மண் தரையில் கிளப்பி, திரும்பும் இடம் பதிவானதை உறுதிசெய்துகொண்டு, பிறகு வளவுக்கு மேலே கொண்டுவருவதுதான் சரியான வரிசை. தானாகத் திரும்பி வரும் உயரத்தை, அருகிலுள்ள கோபுரம், செல்போன் கம்பம் எதுவோ அதைவிட 15 மீட்டராவது கூட்டி வைக்க வேண்டும். அது 120-க்குள் அடங்கவில்லை என்றால் அந்த இடத்தில் பறக்கவிடாமல் இருப்பதே உத்தமம். பருந்து வட்டமிடுவதைக் கண்டால் பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டுவிடலாம். அது தன் வான்வெளியை நம்மைவிட நன்றாக அறிந்தது.

எடையிலும் ஒரு கோடு இருக்கிறது. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோ ஓட்டத் தொலைநிலை பைலட் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவைச் சொந்த விருப்பத்துக்கு ஓட்டினாலும் தேவையில்லை. கூலிக்குப் படம் எடுக்கும் நொடியில் மைக்ரோவுக்குச் சான்றிதழ் வேண்டும். 249 கிராம் என்று பெட்டியில் அச்சிட்ட ட்ரோனுக்கு விசிறிக் காப்பு மாட்டினாலோ பெரிய பேட்டரி போட்டாலோ அது மைக்ரோ ஆகிவிடுகிறது. மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும், பலர் பார்ப்பதில்லை. விதிமீறலுக்கு அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம்.

சிறு விமானம் ஓட்டுகிறவரின் தவறுகள் வேறு மாதிரி. மதுரையிலிருந்து காரைக்குடி நோக்கி, தரையைப் பார்த்தே வழி பிடித்து வரும் பயிற்சி விமானம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வேகம் 90 நாட், அதாவது மணிக்கு 90 கடல் மைல். வடக்கிலிருந்து குறுக்காக 20 நாட் காற்று. காற்றுக்கு ஈடாக மூக்கைத் திருப்பாமல் அரை மணி நேரம் வந்தால் 10 கடல் மைல், அதாவது பதினெட்டரை கிலோமீட்டர் தெற்கே தள்ளியிருப்பார். காரைக்குடி என்று நினைத்துத் தேவகோட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஓட்டுக்கூரைகளும் கோபுரமும் ஊருணியும்தான். வரைபடத்தில் நீலமாக இருக்கும் கண்மாயை நம்பினால் சித்திரையில் அது வறண்டு, கருவேலங்காடாகக் கிடக்கும். ரயில் பாதையும் தேசிய நெடுஞ்சாலையும்தான் எல்லாப் பருவத்திலும் மாறாத அடையாளம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தையும் வரைபடத்தையும் தரையையும் ஒப்பிடச் சொல்லிக் கொடுப்பது இதற்காகத்தான். ஜிபிஎஸ் வந்த பிறகும் அந்தப் பாடத்தை நீக்கவில்லை, நீக்கக் கூடாது.

அழுத்த அளவைத் தப்பாக வைப்பது அடுத்தது. விமானத்தின் உயரமானி காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்கிறது. கட்டுப்பாட்டு நிலையம் தரும் அழுத்த எண்ணை அதில் திருகி வைக்க வேண்டும். ஒரு ஹெக்டோபாஸ்கல் பிசகினால் சுமார் 28 அடி பிசகும். 1006 என்று சொன்னதை 1016 என்று வைத்தால் முள் கிட்டத்தட்ட 280 அடி கூடுதலாகக் காட்டும். பைலட் அந்த அளவு தாழ்ந்து பறந்துகொண்டிருப்பார். மாறாக 1016 என்று சொன்னதை 1006 என்று வைத்தால், மேலே இருக்கும் கட்டுப்பாட்டுப் பகுதியின் அடித்தளத்தில் தலை இடிக்கும்.

நேரத் தவறு இவற்றைவிட எளிது, அதனால்தான் அதிகம். தற்காலிகத் தடைகள் 'நோட்டாம்' என்ற அறிவிப்பாக வரும். அதில் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் கடிகாரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். 0330 முதல் 0930 வரை தடை என்றால் நமக்குக் காலை 9 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை. விடியற்காலைத் தடை என்று வாசித்துவிட்டுப் பத்து மணிக்கு நிதானமாகக் கிளம்புகிறவர் நேராகத் தடைக்குள் போகிறார். இந்தியாவில் சிறு விமானமும் பொதுவாகப் பறத்தல் திட்டம் கொடுத்து, வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் பெற்றுத்தான் கிளம்ப வேண்டும். அந்த எண் கையில் இருக்கிறது என்பதற்காக நோட்டாம் படிக்காமல் இருக்க முடியாது.

தவறு இப்படித்தான் நடக்கிறது. கீழே இருந்து அது எப்படித் தெரிகிறது என்பது வேறு கதை. பைலட்டுக்கு அது '280 அடிப் பிசகு'. தரையில் இருப்பவருக்கு எண்ணும் கிடையாது, வரைபடமும் கிடையாது, சத்தம் மட்டும்தான். ஆச்சி மொட்டை மாடியில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் கேமரா வந்து நிற்கிறது. சட்டப்படி அது பச்சைப் பகுதி, 60 மீட்டர், எல்லாம் சரியாக இருக்கலாம். "எவன்டா மாடியைப் படம் புடிக்கிறவன்?" என்ற கேள்விக்கு அந்தச் சட்டம் பதிலாகாது.

செட்டிநாட்டில் இந்தச் சந்தேகத்துக்கு இன்னொரு கூர்மை உண்டு. தெருவுக்குத் தெரு பூட்டிக் கிடக்கும் வீடுகள். உரிமையாளர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். பத்துப் பங்காளிக்குப் பொதுவான வீட்டை ஒரு காவல்காரர் பார்த்துக்கொள்கிறார். உள்ளே பர்மாத் தேக்கும் பழைய பொருள்களும். அந்தக் கூரைமேல் ட்ரோன் ஒன்று இரண்டு சுற்றுச் சுற்றினால், யாரோ நோட்டம் விடுகிறான் என்றுதான் காவல்காரருக்குத் தோன்றும், அது நியாயமும்கூட. அவர் காவல் நிலையத்துக்குப் போன் செய்வார். அங்கே வாய்வழிக் கட்டளை ஒன்று பிறக்கும்: இனி இந்த ஊரில் எவனும் பறக்கவிடக் கூடாது. நாளைக்கு முறையாகப் பதிவு எண், சான்றிதழ், காப்பீடு எல்லாம் எடுத்துக்கொண்டு வருகிறவரும் அந்தக் கட்டளையில் போய் முட்டுவார். சிராவயல் மஞ்சுவிரட்டு மாதிரிக் கூட்டத்தில் ஒரு ட்ரோன் தாழ வந்து மாடு மிரண்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

உலகம் முழுக்க வான்வெளி விதிகள் வளர்ந்த கதையும் இதே தடத்தில்தான் போகிறது. 1986 ஆகஸ்ட் 31 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் அருகே செரிட்டோஸ் என்ற ஊருக்கு மேலே, மூன்று பேர் சென்ற பைப்பர் சிறு விமானம் ஒன்று அனுமதி பெறாமல், தெரியாமல், கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் நுழைந்தது. இறங்கிக்கொண்டிருந்த ஏரோமெக்சிகோ டிசி-9 விமானத்துடன் மோதியது. விமானங்களில் இருந்த 67 பேரும் தரையில் 15 பேரும் இறந்தார்கள். கட்டுப்பாட்டு அமைப்பின் குறைகளையும் விசாரணை சுட்டிக்காட்டியது. சிறு விமானத்தில் உயரத்தைத் தானாக அறிவிக்கும் கருவி இல்லை. மக்கள் மனத்தில் நின்றது 'சின்ன விமானம் குறுக்கே வந்தது' என்பது மட்டும். அதன்பின் அமெரிக்காவின் பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைலுக்குள் பறக்கும் சிறு விமானங்களுக்கும் உயரம் அறிவிக்கும் கருவி கட்டாயமானது. பெரிய பயணிகள் விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமானது. இவை நல்ல விதிகள், உயிர் காத்த விதிகள். செலவை மட்டும், அந்தத் தவறில் பங்கே இல்லாத ஆயிரக்கணக்கான சிறு விமானக்காரர்கள் ஏற்றார்கள்.

எல்லா விதியும் இவ்வளவு நியாயமாகப் பிறப்பதில்லை. 2005 மே 11 அன்று செஸ்னா 150 என்ற சிறு விமானம் ஒன்று வழி தவறி வாஷிங்டன் தடைப்பகுதிக்குள் நுழைந்து, வெள்ளை மாளிகைக்கு மூன்று மைல் நெருக்கம் வரை போனது. அந்த மாளிகையையும் நாடாளுமன்றக் கட்டடத்தையும் காலி செய்தார்கள். போர் விமானங்கள் எழும்பி ஒளிக்குண்டு வீசி எச்சரித்தன. யாருக்கும் காயமில்லை, சதியும் இல்லை. வரைபடம் சரியாகப் பார்க்காத இரண்டு பேர், அவ்வளவுதான். ஆனால் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தெருவில் ஓடும் காட்சி தொலைக்காட்சியில் வந்துவிட்டது. தற்காலிகம் என்று நினைத்த தலைநகர் வான்வெளிக் கட்டுப்பாடு 2009-இல் நிரந்தர விதியானது. 60 கடல் மைலுக்குள் கண்பார்வை விதிப்படி பறப்பவர்கள் தனிப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்பதும் சேர்ந்தது.

லண்டன் கேட்விக் கதை இன்னும் விசித்திரம். 2018 டிசம்பர் 19 முதல் 21 வரை ட்ரோன் பார்த்ததாக வந்த தகவல்களால் சுமார் 1,000 விமானங்களும் 1,40,000 பயணிகளும் பாதிக்கப்பட்டார்கள். ஓட்டியவர் யார் என்று கடைசி வரை கண்டுபிடிக்கவில்லை. மூன்றே மாதத்தில் பிரிட்டனின் விமான நிலையங்களைச் சுற்றிய ட்ரோன் தடை 1 கிலோமீட்டரிலிருந்து சுமார் 5 கிலோமீட்டராக விரிந்தது. ஆள் அகப்படாத குற்றத்துக்கு அபராதம் கட்டியவர்கள் அகப்பட்டு நின்ற நேர்மையானவர்கள்.

நம் நாட்டில் 2014 அக்டோபரில் பொதுமக்கள் ட்ரோன் பறக்கவிடுவதை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் தடுத்தது. முறையாகக் கதவு திறக்க 2018 டிசம்பர் ஆனது. 2021 விதிகளில் படிவங்கள் 25-இலிருந்து 5 ஆயின. விமான நிலையத்தைச் சுற்றிய மஞ்சள் பகுதி 45 கிலோமீட்டரிலிருந்து 12-க்குச் சுருங்கியது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், ஜூன் 27 அன்று, ஜம்மு விமானப்படைத் தளத்தில் ட்ரோன் தாக்குதல் நடந்திருந்தது. அந்தச் சூழலிலும் கதவைத் திறந்தது பெரிய விஷயம். ஆனால் அதே விதிகளில் ஒரு தாழ்ப்பாளும் இருக்கிறது: காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஓரிடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்புப் பகுதியாக அறிவிக்கலாம். பெரிய தலைவர் வருகிறார் என்றால், தேர் இழுக்கும் நாள் என்றால் இது வரும். மாவட்ட நிர்வாகம் தனியாகவும் தடை போடும். முந்தைய திருவிழாவில் யாரோ செய்த சேட்டை கோப்பில் இருந்தால், எல்லைக்கோடு இன்னும் கொஞ்சம் அகலமாக விழும். அது மனித இயல்பு.

தவறு நடந்துவிட்டது என்று தெரிந்தால் என்ன செய்வது? விமானத்தில் இருந்தால் மறைக்காமல் உடனே கட்டுப்பாட்டு அலைவரிசையில் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் 121.5 மெகாஹெர்ட்ஸில். 'இடம் தெரியவில்லை' என்று சொல்வதில் வெட்கமில்லை. ரேடாரில் அவர்கள் நம்மைக் கண்டுபிடித்துத் திசை சொல்வார்கள். அமெரிக்காவில் நாசா நடத்தும் தகவல் திட்டத்தில், வேண்டுமென்றே செய்யாத தவறைப் பத்து நாளுக்குள் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் தண்டனை விலக்கு உண்டு. ஒளிப்பதைவிடச் சொல்வது லாபம் என்று ஆக்கியதால் அங்கே தவறுகளின் காரணம் வெளியே வருகிறது.

ட்ரோன் என்றால் பக்கவாட்டில் ஓட்டிக்கொண்டு வராமல், கீழே ஆள் இல்லை என்று பார்த்து நேராக உயரம் குறைத்து இறக்குவது முதல் வேலை. விமானமோ ஹெலிகாப்டரோ காதில் விழுந்தாலும் அதேதான். செயலியில் பதிவாகும் பறத்தல் விவரத்தை அழிக்கக் கூடாது. 58 மீட்டர், மாலை 4:12, எல்லைக்குள் என்று காட்ட நம்மிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். அழித்தவரை யாரும் நம்பப் போவதில்லை.

பறக்கவிடுவதற்கு முந்தின நாளே தெருவில் இரண்டு பக்கமும் நாலு வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும். "ஆச்சி, நாளைக்குக் காலையில திருப்பூட்டு முடிஞ்சதும் பத்து நிமிஷம் மேல கேமரா பறக்கும். உங்க மாடிப் பக்கம் திரும்பாது. ஏதாச்சும் இடைஞ்சல்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க, உடனே இறக்கிடுறேன்." பூட்டிய வீடாக இருந்தால் காவல்காரரிடமும் இதையே சொல்லலாம். காவல் நிலையத்தில் பதிவு எண், சான்றிதழ், காப்பீட்டு நகல்களோடு ஒரு கடிதம். அதில் இடம், நேரம், உச்ச உயரம், கைபேசி எண். கடிதத்தின் மேல் நிலைய முத்திரை வாங்கி ஒரு பிரதியை ட்ரோன் பெட்டியிலேயே வைத்திருப்பது நல்லது. அடுத்த கல்யாணத்துக்கு வேறு ஒருவர் அதே தெருவுக்குப் பெட்டியோடு வரும்போது, அந்த நிலையத்தில் அவரை உட்காரச் சொல்வார்களா, கிளம்பச் சொல்வார்களா என்பதும் அந்தப் பழைய கடிதத்தைப் பொறுத்ததுதான்.